ஒற்றை விரல் டாக்டர்

லாண்டரியில் அவரை யாரும் டாக்டரம்மா என்று கூப்பிடுவதில்லை. அங்கே அவர் காலர் அக்கா. ஓட்டல் சிப்பந்திகளின் சட்டை, வங்கிக் காவலர்களின் சீருடை, மாப்பிள்ளை கோட்டு, எது வந்தாலும் காலர் என்றால் அக்காவிடம் கொடு என்று முதலாளியே சொல்லிவிடுவதால் நிலைத்த பெயர். டாக்டரம்மா என்பது ஞாயிற்றுக்கிழமை மதியப் பெயர். அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. காதில் மாட்டிய ஹெட்போனில் குரலாகத்தான் தெரியும்.

அது ஓர் ஆன்லைன் விளையாட்டு. ஊர் உலகத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, குழு குழுவாகச் சேர்ந்து அரக்கர்களோடு மோதுவார்கள். குழுவில் ஒருவர் கேடயத்தோடு முன்னால் நின்று அடியை எல்லாம் வாங்குவார், அவர் டேங்க். ஐந்தாறு பேர் கத்தி, நெருப்பு, அம்பு என்று தாக்குவார்கள். ஒருவர் பின்னால் நின்று, அடிபட்டவர்களுக்கு மந்திரத்தால் உயிர் ஏற்றிக்கொண்டே இருப்பார். அவர்தான் ஹீலர். எட்டுப் பேர் கொண்ட இந்தக் குழுவுக்கு ஒரே ஹீலர், காலர் அக்கா. அதனால் டாக்டரம்மா.

இழுத்துவிட்டது நாத்தனார். கணவரின் ஒரே தங்கை, அதே கட்டடத்தில் மேல் வீடு, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நாற்பதை நெருங்கினாலும் வீட்டில் அவருக்கு இன்னும் பாப்பா என்றுதான் பெயர். விளையாட்டில் கேப்டன். ஒரு ஞாயிறு குழுவில் ஆள் குறைந்தபோது கேப்டன் கீழே இறங்கி வந்து அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"பாப்பா, அடுப்புல பால் இருக்குடி."

"அண்ணன் பாத்துக்கும். நீங்க இதப் பாருங்க. எட்டுப் பச்சைக் கோடு இருக்கா? ஆளுக்கு ஒண்ணு, அதான் அவங்க உயிர். எது குறையுதோ அத கிளிக் பண்ணி இந்தப் பட்டன அமுக்குங்க. அவ்வளவுதான்."

அண்ணன் பாலைப் பொங்கவிட்டார். அண்ணி எழுந்து வரவில்லை.

ஆரம்பத்தில் பத்து விரலும் வேலை செய்தன. சின்னக் காயத்துக்கு ஒரு பட்டன், பெரிய காயத்துக்கு ஒன்று, விஷம் இறக்க ஒன்று, எல்லாருக்கும் மொத்தமாக ஏற்ற ஒன்று. வாரமெல்லாம் இஸ்திரி, ஞாயிறானால் இது. வலது கட்டைவிரலின் அடிப்பக்கம் வீங்கிக்கொண்டது. தசைநார் வீக்கம், கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். லாண்டரியில் ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே விளையாட்டில்தான் கை வைக்க வேண்டியிருந்தது.

கேப்டன்தான் மேக்ரோ என்ற ஒன்று இருப்பதைச் சொல்லிக்கொடுத்தார். நாலு வரியில் கட்டளைகளை எழுதி ஒரு பட்டனில் கட்டிவிட்டால், நாலு பட்டனின் வேலையை அந்த ஒன்றே செய்யும். கூடவே ஆட்-ஆன். விளையாட்டின் மேல் ஒட்டுச்செடி மாதிரி உட்கார்ந்துகொண்டு, யார் மோசமாக அடிபட்டிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் குட்டி நிரல். கேப்டன் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு மேக்ரோ. அதற்கு மேல் அண்ணி தானே தோண்டினார். மதிய இடைவேளையில் போனில் ஆட்டக்காரர்களின் இணைய மன்றங்களைத் துழாவி, யாரோ எழுதியதைப் பிரித்து, தன் கைக்குத் தக்கபடி மாற்றி, உடைத்து, மறுபடி ஒட்டி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பட்டனுக்குள் அடைத்துவிட்டார். அமுக்கினால் போதும். யாருக்கு, எந்த மந்திரம் என்பதை எல்லாம் ஆட்-ஆன் பார்த்துக்கொள்ளும். அமுக்குவது அவர், அவ்வளவுதான்.

அந்த நாளிலிருந்து அந்தக் குழுவில் யாரும் அநியாயமாகச் சாகவில்லை. "டாக்டரம்மா இருக்கிற வரைக்கும் நமக்கென்ன" என்பார் டேங்க். அவர் நிஜத்தில் இறைச்சிக் கடை வைத்திருப்பவர், கனத்த குரல், மனிதர் இளகியவர். கணவரோ லிஃப்ட் மெக்கானிக். விளையாட்டுப் பக்கமே வராதவர், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். "ஒத்த விரல வச்சே ஊரக் காப்பாத்துறா. எனக்கு ஒரு டீ போட ரெண்டு கையும் வர மாட்டேங்குது" என்பார்.

இப்படியே ஆறு வருடம் ஓடியது. அப்புறம் விளையாட்டு நிறுவனம் அறிவிப்பு வெளியிட்டது. முடிவெடுக்கும் ஆட்-ஆன்கள் இனி உள்ளே இயங்காது. யாருக்கு எது தேவை என்பதை ஆட்டக்காரரே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். மேக்ரோ எழுதலாம், ஆனால் ஒரு அமுக்குக்கு ஒரு வேலைதான். வியாழக்கிழமை முதல் அமல்.

குழு அப்போது இரும்பு ராணி என்ற அரக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் மோதியும் வீழாத ராணி. கேப்டன் வேனை நிறுத்திவிட்டு நேரே லாண்டரி வாசலுக்கே வந்துவிட்டார்.

"அண்ணி, அறிவிப்பு பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன்."

"சமாளிச்சுருவீங்கள்ல?"

"இதென்ன பெரிய விஷயம்? நீ போய்ப் பிள்ளைங்கள ஏத்து, பின்னால வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான் பாரு."

சமாளித்துவிடலாம் என்றுதான் டாக்டரம்மாவும் நம்பினார். ராணியின் அடியில் முக்கால்வாசி டேங்க் மேல்தான் விழும். அப்படியென்றால் டேங்கின் பெயரை மேக்ரோவிலேயே எழுதிவிட்டால்? அமுக்கும்போதெல்லாம் உயிர் நேரே அவருக்குப் போய்ச் சேரும். ஆளைத் தேட வேண்டாம், கிளிக் பண்ண வேண்டாம். விதியும் மீறப்படவில்லை. இறைச்சிக் கடைக்காரருடைய வீரனின் பெயர் கருங்கல். மேக்ரோவில் கருங்கல் என்று எழுதி, அதே பழைய பட்டனில் கட்டி, சோதித்தும் பார்த்தார். வேலை செய்தது.

ஞாயிறு மதியம் எட்டுப் பேரும் கூடினார்கள். புதிய விதிகளால் முகம் சுளித்தவர்களைச் சமாதானப்படுத்த நிறுவனம் ஒரு சலுகை கொடுத்திருந்தது. எல்லாரும் ஒரு தடவை இலவசமாகப் பெயர் மாற்றிக்கொள்ளலாம். இறைச்சிக் கடைக்காரர் மாற்றியிருந்தார். கருங்கல் போய், அவர் தலைக்கு மேல் 'தாத்தா' என்று மின்னியது. அவருக்கு அந்த வாரம் பேரன் பிறந்திருந்தான்.

"அடடா, தாத்தா ஆயிட்டீங்களா!" என்று முதலில் கத்தியவரே டாக்டரம்மாதான். "இனிப்பு எங்க?"

"நேர்ல வாங்க, கறியே தாரேன்."

சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். தாத்தா கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ராணியின் முன்னால் போய் நின்றார். டாக்டரம்மா அமுக்க ஆரம்பித்தார். மூச்சு விடுவதற்குள் தாத்தா செத்து விழுந்தார்.

"அப்டேட்ல ஏதோ சொதப்பிட்டாங்க" என்றார் ஒருவர். மறுபடி போனார்கள். மறுபடி விழுந்தார். மூன்றாம் முறை டாக்டரம்மா வீங்கிய விரலோடு அசுர வேகத்தில் அமுக்கினார். தாத்தா இன்னும் சீக்கிரம் விழுந்தார்.

"என்னம்மா, பேரன் பொறந்த நேரம் என்னைக் கொன்னுட்டே இருக்கீங்க?"

ஒவ்வொரு மோதலும் முடிந்ததும் யார் எவ்வளவு அடித்தார்கள், யார் யாருக்கு உயிர் ஏற்றினார்கள் என்று விளையாட்டே ஒரு கணக்கு காட்டும். கேப்டன் அதைத் திறந்தார். ஹெட்போனில் கேப்டனின் குரல், சிரிப்பா கோபமா என்று புரியாத ஒரு குரல்.

"அண்ணி. மூணு ரவுண்டும் நீங்க உங்களுக்கே உயிர் ஏத்திக்கிட்டு இருந்திருக்கீங்க."

கருங்கல் என்று ஓர் ஆள் இப்போது அந்த உலகத்தில் இல்லை. சொன்ன ஆள் இல்லையென்றால் மந்திரம் போட்டவர் மேலேயே விழும். அது அந்த விளையாட்டின் நியதி. எச்சரிக்கைச் செய்தி வந்திருக்கும். ஆனால் கண்ணை உறுத்துகிறது என்று அந்தச் செய்திகளை எல்லாம் அவர் எப்போதோ அணைத்துவிட்டிருந்தார். தாத்தா என்ற பெயரைப் பார்த்து வாழ்த்தியவருக்கு, மேக்ரோவில் கருங்கல் உட்கார்ந்திருப்பது நினைவுக்கே வரவில்லை.

"நோயாளி செத்துட்டான், டாக்டர் மட்டும் கொழுகொழுன்னு இருக்காங்க!" என்றார் மருந்துக்கடைக்காரர். குழுவில் நெருப்பு வீசுகிறவர், நிஜத்திலும் மருந்துக் கடையில் நிற்பவர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். அதோடு விட்டிருந்தால் சரி. மருந்துக்கடைக்காரர் விடவில்லை.

"பேரையே எழுதி வச்சுட்டீங்கன்னா, அதுக்கு முன்னாடி எப்படிப் பண்ணீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரே பட்டன்தான். மிச்சத்த ஆட்-ஆன் பாத்துக்கும்."

"ஆறு வருஷமாவா?"

"ஆமா."

"அப்ப இத்தனை நாளா எங்களக் காப்பாத்துனது நீங்க இல்ல. அந்த ப்ரோகிராம்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதிதான் டாக்டரம்மாவைச் சுட்டது. இஸ்திரிச் சூடு பழகிய கை அவருடையது; இது வேறு சூடு.

மறுநாள் மாலை கேப்டன் கீழ் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபோதே விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. மருந்துக்கடை ஒரு ஹீலர் கேரக்டர் வளத்து வச்சிருக்காராம். அடுத்த ஞாயிறுலருந்து அவர் பண்ணட்டும். நீங்க கைக்கு ரெஸ்ட் குடுங்க."

"என்னை எடுத்துட்டேன்னு சொல்லு. ரெஸ்ட் கிஸ்ட்டுன்னு சுத்தி வளைக்காத."

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"நீ கேப்டனா வந்திருக்கியா, நாத்தனாரா வந்திருக்கியா? கேப்டன்னா நில்லு, பேசு. நாத்தனார்னா ஒழுங்கா உக்காரு, டீ குடிச்சிட்டுப் போ."

கேப்டன் எழுந்து நின்றார். "கேப்டனாத்தான்."

"அப்ப கேட்டுக்க. முதல் ரவுண்டு எனக்கு. நான் சொதப்புனா நானே எழுந்து போயிடறேன்."

"ஒரே ரவுண்டு" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்காமலே போய்விட்டார் பாப்பா.

அந்த வாரம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கணவர் வழியாகத்தான் நடந்தது. "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, அவ துணி காயப்போட்ட கொடி எங்க ஜன்னல மறைக்குதுன்னு." "அண்ணா, அண்ணிகிட்ட சொல்லு, ஜன்னல வேற பக்கம் வச்சுக்கச் சொல்லி." கணவர் நொந்துபோனார். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட் மாதிரி ஆயிட்டேன். கதவும் தொறக்கல, மணி அடிச்சாலும் யாரும் வரல."

டாக்டரம்மாவுக்கு இரண்டு சிக்கல். ஒன்று கை. யாருக்கு என்று தானே பார்த்து, சின்ன மந்திரமா பெரிய மந்திரமா என்று தானே அமுக்க அந்த வலது கை ஒத்துழைக்காது. இரண்டாவது இன்னும் மோசம். புதன்கிழமை பழைய மோதல் ஒன்றின் வீடியோவைப் போட்டுப் பார்த்தவர், தன்னையறியாமல் வாய்விட்டுக் கேட்டார்.

"இவளுக்குச் சிறகு இருக்கா?"

கணவர் எட்டிப் பார்த்தார். "யாருக்கு?"

"இந்த ராணிக்கு."

மாதக்கணக்காகச் சண்டை போட்டவளின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. பட்டனை அமுக்கினால் போதும் என்றான பிறகு, கண் எங்கே போனால் என்ன? பல ஞாயிறுகளில் அவர் விளையாட்டு ஓடும்போதே காய் நறுக்கியிருக்கிறார். ராணி சிறகை விரித்தால் டேங்க் மேல் பேரடி விழப்போகிறது, தரை சிவந்தால் அங்கே தீ எழும்பப்போகிறது என்பதெல்லாம் குழுவில் மற்ற எல்லாருக்கும் தெரிந்த பாலபாடம். அவர் புதிதாகக் கற்றார். வீடியோவை நிறுத்தி, திருப்பி, நிறுத்தி. சிறகு விரியும். அடி விழும். நடுவில் ஒரு மூச்சு விடும் இடைவெளி. பெரிய மந்திரத்தை அந்த இடைவெளிக்கு முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

கைக்கு வழி வெள்ளிக்கிழமை லாண்டரியில் கிடைத்தது. அவருடைய இஸ்திரி மேசைக்குக் கீழே இரண்டு மிதிகள். இடது காலால் அமுக்கினால் மேசை காற்றை உறிஞ்சித் துணியைப் பிடித்துக்கொள்ளும். வலது காலால் அமுக்கினால் நீராவி. கை காலரைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது கால் தன் பாட்டுக்கு வேலை செய்யும். எந்தக் கால் என்று யோசித்ததே இல்லை. அன்று நீராவி புஸ்ஸென்று வந்தபோது அவர் கையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்னக்கா, எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"இல்ல, கண்டுபிடிச்சேன்."

மூலையில் கிடந்த உடைந்த மேசையின் மிதிகளை முதலாளியிடம் கேட்டு வாங்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கணவர் ஒரு பழைய கீபோர்டைப் பிரித்து, இரண்டு பட்டன்களின் இணைப்புகளிலிருந்து ஒயர் இழுத்து மிதிகளில் பற்றவைத்தார். வேலை செய்துகொண்டே முணுமுணுத்தார். "இருபது மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டுன கை இது. பொண்டாட்டி பிசாசுகூடச் சண்டை போட மிதி மாட்டுது."

"பேசாம சூடு வைங்க."

ஆனால் விதிப்படி சரியா என்று கேட்க வேண்டுமே. கேப்டனுக்குத் தூதும் கணவர்தான். மாடிக்குப் போய்த் திரும்பி வந்து, தங்கையின் குரலிலேயே பதிலைச் சொன்னார்: "'கையால அமுக்கினா என்ன, காலால அமுக்கினா என்ன, மூக்கால அமுக்கினாக்கூட எனக்கென்ன? ஒரு அமுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான் ரூல். அண்ணிகிட்ட சொல்லிரு.'"

ஞாயிறு. இடது காலுக்குச் சின்ன மந்திரம், வலது காலுக்குப் பெரிய மந்திரம், ஆளைத் தேர்ந்தெடுக்கவும் விஷம் இறக்கவும் மவுஸ் இடது கையில். வலது கையை மடியில் போட்டுக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் இந்த ஒரு ரவுண்டுக்கு நெருப்பு வீசுகிறவராகவே வந்திருந்தார். முடிந்ததும் ஹீலராக மாறி வரத் தயார். அதை எல்லாருக்கும் கேட்கும்படி இரண்டு தடவை சொன்னார்.

முதலில் தடுமாற்றம்தான். தாத்தாவுக்கு ஏற்ற வேண்டியதை அம்பு விடுகிறவருக்கு ஏற்றினார். விஷத்தை இறக்கத் தாமதித்தார். "டாக்டரம்மா, இங்க, இங்க!" என்று நாலாபக்கமும் கூப்பாடு. வியர்த்தது. பிறகு கால்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டன. பச்சைக் கோடுகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு ராணியைப் பார்த்தார். சிறகு விரியப்போகிறது, வலது கால். தரை சிவக்கிறது, இடது கால், இடது கால். தாத்தா நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ராணியின் உயிர் பாதிக்குக் கீழே இறங்கியது, கால்வாசிக்கு வந்தது.

அப்போதுதான் கேப்டன் தீயில் நின்றார்.

தரை சிவந்தது எல்லாருக்கும் தெரிந்தது. மற்றவர்கள் விலகினார்கள். கேப்டன் விலகவில்லை, இன்னும் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். சிக்னலில் மஞ்சள் விழுந்தாலும் வேனை நுழைத்துவிடுகிற அதே ஆள். அவருடைய பச்சைக் கோடு சரசரவென்று இறங்கி நுனியில் நின்றது. குழுவிலேயே மோசமாக அடிபட்டவர் அந்தக் கணத்தில் அவர்தான். பழைய ஆட்-ஆன் இருந்திருந்தால் மறுயோசனை இல்லாமல் அவருக்குத்தான் ஏற்றியிருக்கும்.

தாத்தா பாதி உயிரோடு இருந்தார். ஆனால் ராணியின் தோள் அசைந்தது. சிறகு.

"அண்ணி! நான்! எனக்கு!"

டாக்டரம்மா வலது காலைத் தாத்தாவுக்காக அமுக்கினார். கேப்டன் விழுந்தார். பேரடி தாத்தா மேல் இறங்கியது. அவர் மயிரிழையில் நின்றார். மோதல் தொடர்ந்தது. ஆனால் கேப்டனின் கத்தி இல்லாமல் ராணியின் கடைசித் துளி கரையவில்லை. தாக்குகிறவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள், கடைசியில் தாத்தாவும் டாக்டரம்மாவும். ராணி மிச்ச உயிரோடு சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்தாள்.

எட்டுக் குரல்களும் ஒரே நேரத்தில் எழுந்தன.

"கேப்டன விட்டுட்டீங்களே! கேப்டன் இருந்திருந்தா முடிச்சிருப்போம்!"

"தாத்தா பாதி உயிரோட இருந்தாரே, அவருக்கு எதுக்கு?"

"பாதி உயிரா? அந்த அடிக்குப் பாதி எந்த மூலைக்கு? எனக்குப் போடலன்னா அப்பவே மொத்தமும் காலி."

"நானா இருந்தா கேப்டனத்தான் காப்பாத்தியிருப்பேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நீ காப்பாத்துவே. அப்புறம் டேங்க் இல்லாம கேப்டன் ராணி கையைப் பிடிச்சுக்கிட்டு டான்ஸ் ஆடுவாங்களா?" என்றார் தாத்தா.

"அண்ணி, நீங்களே சொல்லுங்க" என்றார் கேப்டன். தீயில் நின்று கத்தியதைக் கழித்தால், ஒரு வாரத்துக்குப் பிறகு நேரடியாகப் பேசிய முதல் பேச்சு. "நான் கத்துனது கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு."

"கேட்டுட்டே என்னைச் சாக விட்டீங்களா?"

"ஆமா. நீ விலகியிருக்கலாம், விலகல. அவரால விலக முடியாது, அவர் வேலையே நிக்கிறது. ரெண்டு பேருக்கும் போட நேரம் இல்ல. அவருக்குப் போட்டேன்."

"ஒரு வெட்டுதான் பாக்கி இருந்துச்சு!"

"ஒரு வெட்டு, ஒரு வெட்டுன்னு எத்தனை ஞாயித்துக்கிழமை தீயில நின்னிருக்கே, தெரியுமா? இந்த வாரம்தான் உக்காந்து எல்லா வீடியோவும் பாத்தேன். முன்ன எல்லாம் நீ நின்னா ப்ரோகிராம் காப்பாத்துச்சு. நீயும் கவனிக்கல, நானும் கவனிக்கல."

அம்பு விடுகிறவர் கேப்டன் பக்கம் சாய்ந்தார். இன்னொருவர் டாக்டரம்மா பக்கம். விளையாட்டு உலகத்தில் எட்டுப் பிணங்கள் சிம்மாசனத்தின் முன்னால் கிடந்தன. யாரும் எழுப்பவில்லை. சமையலறையிலிருந்து வந்த கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். திட்டு வாங்குகிற முகமாகத் தெரியவில்லை. சிவந்திருந்தது, கண் பளபளத்தது, வாய் ஓயவில்லை. ஆறு வருடமாக இந்தக் குழுவில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்ல அவர் எதையும் தீர்மானித்ததே இல்லை.

"சரி, போதும், போதும்" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஒரு ரவுண்டுன்னு பேச்சு. முடிஞ்சுது. நான் ஹீலரை எடுத்துட்டு வரட்டுமா, கேப்டன்?"

மேல் வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கூரை வழியாகக் கீழே கேட்டது. கேப்டன் மோதலின் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"வேணாம்" என்றார் கடைசியில். "நீங்க நெருப்பே போடுங்க. டேங்க் கடைசி வரைக்கும் நின்னாரு. நான்தான் நிக்கல." பிறகு, குரலைத் தாழ்த்தாமலேயே: "அண்ணி, அடுத்த ரவுண்டுல தரை சிவந்தா நான் விலகிருவேன்."

"விலகலன்னா?"

"விலகலன்னா விட்டுருங்க. எல்லாரும் எழுந்திருங்க, போலாம்."

எட்டுப் பேரும் எழுந்தார்கள். டாக்டரம்மா செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு மிதிகள் மேலும் வெறும் பாதத்தை வைத்துக்கொண்டார்.